கைகளில் தோல் உரிவது ஏன்? அறிந்துகொள்ளவும் கையாளவும்

உள்ளங்கையிலோ விரல் நுனியிலோ தோல் உரியத் தொடங்கினால், பெரும்பாலோர் உரிந்து நிற்கும் விளிம்பைப் பிடித்து இழுப்பார்கள். அடுத்து, வீட்டில் எப்போதோ வாங்கி வைத்த கிரீம் ஒன்றைத் தேடி எடுத்துத் தடவுவார்கள். இழுப்பதால் புண் பெரிதாகும். கைக்குக் கிடைத்த கிரீமைத் தடவுவது சில சமயம் உதவும், சில சமயம் உண்மையான நோயை மறைத்துவிடும். தோல் உரிதல் என்பது தனியொரு நோயின் பெயரன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் கடைசியில் வெளிப்படும் ஒரே முகம் அது. எனவே 'தோல் உரிவதற்கு என்ன மருந்து?' என்ற கேள்விக்கு முன்பு, 'என் கையில் எந்த விதமாக உரிகிறது, அந்தக் கை தினமும் எதைத் தொடுகிறது?' என்று கேட்டுக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

உண்மையில் தோல் எப்போதும் உரிந்துகொண்டேதான் இருக்கிறது. மேல்தோலின் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மெல்ல மேலே நகர்ந்து, வழியிலேயே தட்டையாகி, உள்ளே கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, உயிரிழந்து, மேற்பரப்பை அடைந்து உதிர்கின்றன. இந்தப் பயணத்துக்குச் சுமார் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உதிர்வது ஒவ்வொரு செல்லாக நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏதோ ஒரு காரணத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டியபடியே கூட்டமாகக் கழன்றால்தான் செதிலாகவும் தாளாகவும் நம் கண்ணில் படுகின்றன.

தோலின் மிக வெளிப்புறத்தில் உள்ள இந்த இறந்த செல்களின் அடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளலாம். தோல் மருத்துவ நூல்களிலும் இதே உவமைதான் வழங்கிவருகிறது. செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை கலந்த கொழுப்பு, பூச்சுக் கலவையாக நிரம்பியிருக்கிறது. இதற்கு மேலாக, ஒரு செல்லை அடுத்த செல்லோடு இறுக்கிப் பிடிக்கும் நுண்ணிய புரதப் பிணைப்புகளும் உண்டு. மேலே வந்த செல் உதிர வேண்டுமானால் இந்தப் பிணைப்புகள் அறுபட வேண்டும். அறுப்பவை சில நொதிகள். நொதிகள் வேலை செய்ய நீர் வேண்டும். தோல் வறண்டுவிட்டால் அவை மந்தமாகின்றன, பிணைப்புகள் அறுபடாமல் நிற்கின்றன, செல்கள் தனித்தனியே உதிர முடியாமல் திட்டுத்திட்டாகத் தேங்கிப் பின்பு செதிலாகப் பெயர்கின்றன. வறண்ட தோலில் செதில் அதிகமாவதற்குக் காரணம் உதிர்வது கூடியதன்று, ஒழுங்காக உதிர முடியாமல் போனதுதான் என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும்.

சுவரில் நீரைப் பிடித்து வைப்பதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. செல்களுக்குள் இருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிதைந்து, நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறுகளாக மாறுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்கு வறண்ட தோலும், உள்ளங்கையில் ஆழமான, நெருக்கமான ரேகைகளும், தோல் சிவந்து அரித்துச் செதிலாகும் எக்ஸிமா என்ற அழற்சி வரும் போக்கும் அதிகம் என்பது 2006-இல் வெளியான ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஒரே சோப்பை ஒரே அளவு பயன்படுத்தும் இருவரில் ஒருவருக்கு மட்டும் கை வெடிப்பதன் பின்னால் இத்தகைய பிறவி வேறுபாடும் இருக்கலாம்.

உள்ளங்கைத் தோல் உடலின் மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டது. உள்ளங்காலைப் போலவே இங்கும் வெளியடுக்கு மிகத் தடிமனானது. மயிர்க்கால்கள் இல்லை, மயிர்க்கால்களோடு சேர்ந்திருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. வியர்வைச் சுரப்பிகளோ நெருக்கமாக நிறைந்திருக்கின்றன. ஆகவே முகத்துக்குக் கிடைக்கும் இயற்கையான எண்ணெய்ப் பூச்சு உள்ளங்கைக்கு இல்லை; வியர்த்து நனைவதும் பின்பு காய்வதும் மட்டும் ஓயாமல் நடக்கிறது. தடித்த தோலாயிற்றே, எதையும் தாங்கும் என்று நாம் நம்புகிறோம். உராய்வைத் தாங்கும், உண்மைதான். சோப்பையும் நீரையும் தாங்குவது வேறு விஷயம்.

நீரும் சோப்பும் செய்வது என்ன

கையில் தோல் உரிவதற்கு மிகப் பொதுவான காரணம் எது என்று கேட்டால், தயக்கமின்றிச் சொல்லலாம்: அடிக்கடி கழுவுவதும், சோப்பு, டிடர்ஜென்ட் முதலியவற்றோடு ஓயாத தொடர்பும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். வழக்கமான சோப்புக் கட்டியின் பி.எச். 9 முதல் 10 வரை, அதாவது காரத்தன்மை உடையது. கழுவும்போது அழுக்கோடு சேர்ந்து, சுவரின் பூச்சுக் கலவையான கொழுப்பிலும் ஒரு பங்கு கரைந்து போகிறது. நீரைப் பிடித்து வைக்கும் மூலக்கூறுகளும் அடித்துச் செல்லப்படுகின்றன. அமிலத்தன்மை குறைவதால், இழந்த கொழுப்பை ஈடுசெய்ய வேண்டிய நொதிகளும் தடுமாறுகின்றன. தோல் இவற்றையெல்லாம் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதற்குச் சில மணி நேரம் வேண்டும். அந்த அவகாசம் முடிவதற்குள் அடுத்த கழுவல் வந்துவிட்டால் பழுது மேல் பழுது சேர்கிறது.

சோப்பே இல்லாத வெறும் நீரும் குற்றமற்றதன்று. நீரில் ஊறும்போது செல்கள் பருத்து, காயும்போது சுருங்குகின்றன. இது நாளெல்லாம் மாறி மாறி நடந்தால் சுவர் நெகிழ்கிறது. தொழில்சார் தோல் மருத்துவத்தில் இதற்கென்றே ஓர் அளவுகோல் வழக்கத்தில் உண்டு: ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருப்பது, அல்லது 20 முறைக்கு மேல் கை கழுவுவது, அல்லது நீர் புகாத கையுறையை அதே அளவு நேரம் அணிந்திருப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அது ஈர வேலை. செவிலியர், சமையல் தொழிலாளர், முடிதிருத்துவோர், துப்புரவுப் பணியாளர், கைக்குழந்தை உள்ள வீட்டில் எல்லா வேலையையும் பார்ப்பவர் என்று எண்ணிப் பார்த்தால் இந்த வரையறைக்குள் எத்தனை பேர் அடங்குகிறார்கள் என்பது தெரியும். மூன்றாவது விதி பலருக்கு விளங்காது. கையுறைக்குள் தேங்கும் வியர்வையும் நீர்தான் என்று எண்ணினால் விளங்கும்.

இவ்வகை உரிதலை அது தொடங்கும் இடத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். மோதிரத்தைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் சோப்பு தங்கி, வளையமாகச் சிவந்தோ வெளுத்தோ செதில் படிந்திருக்கும். விரல் இடுக்குகளிலும் அப்படியே. பின்பு புறங்கைக்கும் விரல் நுனிகளுக்கும் பரவும். நுனித்தோல் கண்ணாடிபோல் மினுங்கி, ரேகை மங்கி, கைப்பேசியின் கைரேகைப் பூட்டு திறக்க மறுக்கும் நாளில்தான் சிலர் தம் கையைக் கவனிக்கவே தொடங்குகிறார்கள். அரிப்பை விட எரிச்சல் முன்னிற்கும். சில நாள் விடுப்பில் இருந்தால் தணியும். வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் வரும்.

ஒவ்வாமையால் வருவது இதிலிருந்து சற்று விலகி நிற்கிறது. சோப்பு யாருடைய தோலையும் போதிய அளவு பட்டால் கெடுக்கும். ஒவ்வாமையோ குறிப்பிட்ட ஒரு பொருளை உடல் பகையாக அடையாளம் கண்டுகொண்டதால் நேர்வது, அதற்கு மிகச் சிறிய அளவே போதும். நிக்கல் கலந்த உலோகங்கள், சிமென்ட்டில் உள்ள குரோமேட், ரப்பர் கையுறைகளில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள், தலைமுடிச் சாயம், வாசனைப் பொருள்கள், திரவச் சோப்புகளிலும் கிரீம்களிலும் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் சில பொருள்கள் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. பல ஆண்டுகள் பழகிய பொருளுக்கே திடீரென ஒவ்வாமை தோன்றக்கூடும் என்பதால், 'இதைத்தான் இத்தனை நாளும் பயன்படுத்தினேன், அதனால் இருக்காது' என்ற வாதம் இங்கே செல்லாது. பொருள் பட்டவுடன் வராமல், ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்போடு வெளிப்படுவது இதன் வழக்கம். அதனாலேயே காரணத்தைத் தாமாகக் கண்டுபிடிப்பது கடினம். ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, அதன் பிறகும் ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனைதான் உறுதியான வழி.

உரியும் இடத்தின் வடிவம் சில சமயம் துப்பறிவாளரின் வேலையைச் செய்துவிடும். வலது கைப் பழக்கமுள்ள ஒருவருக்கு இடது கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனியில் மட்டும் தோல் தடித்து வெடித்து உரிந்தால், தோல் மருத்துவர் உடனே பூண்டு உரிப்பீர்களா, நறுக்குவீர்களா என்று கேட்பார். கத்தி வலது கையில். பூண்டைப் பிடிப்பவை அந்த மூன்று விரல்கள். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மம் ஒன்று இதற்குக் காரணம்.

சோப்பு காரணமல்லாதபோது

இளவயதினர் பலருக்கு, குறிப்பாக உள்ளங்கை வியர்க்கும் இயல்புள்ளவர்களுக்கு, வெப்பமான மாதங்களில் ஒரு வகை உரிதல் வரும். முதலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றும். கொப்புளம் போலிருக்கும், உள்ளே நீர் இருக்காது, காற்றுதான். அது உடைந்து நடுவில் மெல்லிய தோல் விலக, விளிம்பு மட்டும் வட்டமாக நிற்கும். அந்த வட்டம் நாளுக்கு நாள் விரிந்து பக்கத்து வட்டத்தோடு சேர்ந்து வரைபடம்போல் ஆகிவிடும். விரல் நுனியில் வந்தால் தோல் சற்று ஆழமாகப் பிளந்து, நுனி கடினமாகி, தொடுவுணர்வு மரத்ததுபோல் சில நாள் இருக்கும். அரிப்பு இருக்காது அல்லது மிகக் குறைவு. பார்வைக்கு அச்சமூட்டினாலும் இது தொற்றாது, பெரும்பாலும் தானே அடங்கும், அடுத்த வெப்பக் காலத்தில் மீண்டும் எட்டிப்பார்க்கும். செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்கள் உரிய காலத்துக்கு முன்பே அறுபடுவதுதான் இதன் அடிப்படை. வறட்சியில் நடப்பதற்கு நேர் எதிரான கோளாறு. இதற்கு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு கிரீம்கள் பொதுவாகப் பயன்தருவதில்லை. யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த கிரீம்களும், சோப்பிலிருந்து கையைக் காப்பதும் போதும்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது நீர்க்கொப்புள எக்ஸிமா. இங்கே விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், தோலுக்குள் புதைந்ததுபோல் தெளிந்த நீர் நிறைந்த கொப்புளங்கள் கூட்டமாக எழும். அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டு மூன்று வாரங்களில் கொப்புளங்கள் வற்றி, அந்த இடம் உரியும். உரியும் கட்டத்தில் மட்டும் கையைப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. 'இதற்கு முன் அரித்ததா, உள்ளே நீர் இருந்ததா?' என்ற கேள்விதான் பிரித்துக் காட்டும். வெப்பம், வியர்வை, மன அழுத்தம், நிக்கல் ஒவ்வாமை ஆகியவை இதைத் தூண்டக்கூடும். பாதத்தில் பூஞ்சைத் தொற்று இருந்தால், கையில் பூஞ்சையே இல்லாமல், உடலின் எதிர்வினையாக மட்டும் கையில் இத்தகைய கொப்புளங்கள் எழுவதும் உண்டு. அப்போது சிகிச்சை வேண்டியது காலுக்கு.

பூஞ்சை நேரடியாகக் கையிலேயே குடியேறுவதும் உண்டு. உடலில் படர்தாமரையை உண்டாக்கும் அதே இனங்கள்தான். ஆனால் உள்ளங்கையில் அது வட்டமாகப் படர்ந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது. உள்ளங்கை முழுவதும் லேசாகத் தடித்து, ரேகைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளைச் செதில் படிந்திருக்கும். அரிப்பு அதிகம் இராது. ஆகவே 'வெறும் வறட்சி' என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஒரு விசித்திரம் இதைக் காட்டிக்கொடுக்கும்: இரண்டு பாதங்களும் பாதிக்கப்பட்டிருக்க, கைகளில் ஒன்று மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். காலைச் சொறியவும் கால் நகத்தைத் தொடவும் பயன்படுத்தும் கையாக அது பெரும்பாலும் இருக்கும். எனவே ஒரு கையில் மட்டும் விடாமல் தோல் உரிபவர், முதலில் தம் பாதங்களையும் கால்விரல் இடுக்குகளையும் நகங்களையும் பார்க்கட்டும். செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும், எளிய சோதனை.

அந்தச் சோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு கிரீமைத் தடவிவிடுவதுதான் நான் அடிக்கடி கேள்விப்படும் கேடு. சிவப்பும் அரிப்பும் சில நாளில் குறையும்; நோய் போனதுபோல் தோன்றும்; பூஞ்சையோ எதிர்ப்பு தணிந்த தோலில் தாராளமாக வளரும்; நிறுத்தியதும் முன்பைவிட வேகமாகத் திரும்பும், அதுவும் உருமாறி, மருத்துவரே அடையாளம் காணத் தடுமாறும் தோற்றத்தில். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கும் கலவைக் கிரீம்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் ஏற்ற ஒன்று என்று அவற்றைக் கருதுவது தவறு.

சொரியாசிஸ் என்னும் நாள்பட்ட தோல் நோய் உள்ளங்கையில் வந்தால் விளிம்பு தெளிவான, தடித்த திட்டுகளாகவும் வலிமிக்க வெடிப்புகளாகவும் இருக்கும். முழங்கை, முழங்கால், உச்சந்தலை ஆகிய இடங்களில் செதிலும், நகத்தில் ஊசியால் குத்தியதுபோன்ற குழிகளும் சேர்ந்திருந்தால் ஐயம் வலுப்படும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் இருந்தால் அது சிரங்கு. வெயிலில் வெந்த புறங்கை சில நாளில் உரிவது பலரும் அறிந்ததே.

சில மருந்துகளும் உள்ளங்கையை உரிக்கும். முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் ஐசோட்ரெட்டினாயின் ஓர் எடுத்துக்காட்டு. புற்றுநோய்க்கான கேப்சிட்டபின் என்ற மருந்து உள்ளங்கை, உள்ளங்கால்களைச் சிவக்கச் செய்து உரிக்கும். இம்மருந்தை உட்கொண்டுவந்த ஒருவரின் கைரேகை அழிந்துபோனதால் அமெரிக்க விமான நிலையத்தில் அவர் தடுத்து நிறுத்தப்பட்ட நிகழ்ச்சியை 2009-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. இவ்வகையில் மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காய்ச்சலுக்குப் பின் உரிவது

குழந்தைகளின் கையில் தோல் உரிந்தால் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'கடந்த சில வாரங்களில் காய்ச்சல் இருந்ததா?' என்பது. கை, கால், வாய்ப்புண் நோய் என்று அழைக்கப்படும் வைரஸ் தொற்றுக்குப் பிறகு சில வாரங்கள் கழித்து விரல்கள் உரிவதும், சில சமயம் நகமே அடியிலிருந்து கழன்று விழுவதும் நடக்கும். நகம் மீண்டும் வளரும், அஞ்ச வேண்டியதில்லை. தொண்டைத் தொற்றோடு உடலெங்கும் சிவந்த தடிப்பு வரும் செங்காய்ச்சலிலும், தடிப்பு மறைந்த பின் விரல் நுனிகள் உரியும்.

கவாசாகி நோய் இவற்றைவிடக் கவனத்துக்குரியது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தோமிசாகு கவாசாகி 1967-இல் விவரித்த இந்நோயில், ஐந்து நாளோ அதற்கு மேலோ விடாத காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடு, ஸ்ட்ராபெர்ரிபோல் சிவந்த நாக்கு, வீங்கிய கை கால்கள், கழுத்தில் நெறிக்கட்டு ஆகியவை தோன்றும். காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று வாரங்கள் ஆனபின் நகத்தைச் சுற்றியுள்ள தோலிலிருந்து உரிதல் தொடங்கும். இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளை இந்நோய் பாதிக்கக்கூடும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். தோல் உரிவது தாமதமாக வரும் அடையாளம் என்பதால், அதற்காகக் காத்திருக்கலாகாது. காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொடும்போதே மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல் வந்துபோனதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டு, நகத்தோரம் உரிவதைப் பின்னர் கண்டவர்களும் குழந்தையின் இதயத்தைப் பரிசோதிக்கச் செய்வது அவசியம்.

இவ்விடத்தில் ஒரு பரவலான நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் தோல் உரிந்தாலே 'சத்துக் குறைவு' என்று சொல்லி வைட்டமின் மாத்திரை வாங்கித் தருவது வழக்கமாகிவிட்டது. நியாசின் குறைபாட்டால் வரும் பெலாக்ரா என்ற நோயில் தோல் கெடுவது உண்மை. ஆனால் அது வெயில் படும் புறங்கையிலும் கழுத்திலும் இருபுறமும் ஒரேபோல் கறுத்துத் தடித்து வருவது, வயிற்றுப்போக்கும் மனத்தளர்ச்சியும் கூடவே வருவது. நன்றாக உண்ணும் ஒருவரின் உள்ளங்கை உரிவதற்கு வைட்டமின் குறைவு காரணமாக இருப்பது அரிது. மாறாக, வைட்டமின் ஏ அளவு மீறினால் தோல் உரியும். 1597-இல் நோவாயா செம்லியா தீவில் பனிக்காலத்தைக் கழித்த டச்சுக் கடலோடிகள் பனிக்கரடியின் ஈரலைத் தின்று நோயுற்றதையும், அவர்களில் மூவருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்ததையும் உடனிருந்தவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஈரலில் அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ உண்டு என்பது பல நூற்றாண்டு கழித்தே தெரிந்தது. காரணம் தெரியாமல் மாத்திரைகளை அடுக்குவதால் நன்மை இல்லை.

கையைப் பேணுவது எப்படி

கிரீம் வாங்குவதற்கு முன் கழுவும் முறையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓட்டையை அடைக்காமல் நீரை ஊற்றிப் பயனில்லை. சோப்புக் கட்டிக்குப் பதிலாக வாசனை சேர்க்காத, காரத்தன்மை குறைந்த மென்மையான கழுவுபொருளைப் பயன்படுத்தலாம். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூடான நீர் கொழுப்பை இன்னும் எளிதாகக் கரைக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவி, நுரை விரலிடுக்கில் தங்காதபடி அலசி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் ஈரப்பத கிரீமைப் பூச வேண்டும்.

கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது, சோப்பைவிட ஆல்கஹால் கைத்தூய்மி தோலுக்கு உகந்தது. இதைப் பலர் நம்புவதில்லை, ஏனெனில் வெடித்த கையில் ஆல்கஹால் பட்டால் சுரீரென்று எரிகிறது. எரியாத சோப்பு நல்லது என்று முடிவுகட்டி அதற்கே திரும்புகிறார்கள். எரிவது தோல் முன்பே கெட்டுவிட்டதைக் காட்டுகிறது. கெடுத்தது பெரும்பாலும் அந்த எரியாத சோப்புதான். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கைத்தூய்மிக் கலவையில் தோல் வறளாமலிருக்கக் கிளிசரினும் சேர்க்கப்பட்டுள்ளது. வாங்கும்போது கிளிசரின் கலந்ததாகப் பார்த்து வாங்கலாம்.

ஈரப்பதம் காக்கும் பொருள்கள் செய்யும் வேலைகள் வேறு வேறு. பெட்ரோலியம் ஜெல்லி தோலின்மேல் படலமாகப் படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. இந்த வேலையில் அதைவிடச் சிறந்த பொருள் அரிது, விலையும் குறைவு. கிளிசரினும் யூரியாவும் நீரைத் தம்பால் ஈர்த்து வைத்துக்கொள்கின்றன. செராமைடு கலந்த கிரீம்கள் சுவரின் பூச்சுக் கலவைக்கு ஈடுகொடுக்க முயல்கின்றன. லோஷனில் நீர் அதிகம், எண்ணெய் குறைவு. பூச எளிது, ஆனால் உரியும் கைக்குப் போதாது. பகலில் வேலை செய்ய வேண்டியிருப்பதால் கிரீம், இரவில் பிசுபிசுப்பைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதால் களிம்பு, அதன்மேல் மெல்லிய பருத்திக் கையுறை என்ற ஏற்பாடு நடைமுறைக்கு ஏற்றது. களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், அந்தக் கையுறையோடு அடுப்பருகிலும் சிகரெட்டருகிலும் போகக் கூடாது.

யூரியா கிரீம் வாங்குபவர்கள் உறையில் விகிதத்தைப் பார்க்க வேண்டும். 5 முதல் 10 சதவீதம் வரை ஈரப்பதம் காக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போகப் போக அது தடித்த தோலைக் கரைக்கும் மருந்தாகிறது. தடிப்பு உள்ள இடத்தில் அது வேண்டியதே. உரிந்து சிவந்த இடத்தில் தீப்பட்டதுபோல் எரியும்.

அளவைப் பொறுத்தவரை பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். சுட்டுவிரலின் நுனிமூட்டு வரை குழாயிலிருந்து பிதுக்கி வைக்கும் கிரீம் ஏறத்தாழ அரை கிராம். ஒரு கையின் உள்ளும் புறமும் பூச இதுதான் ஸ்டீராய்டு கிரீமுக்கான அளவுகோல். ஈரப்பத கிரீமை இதற்கு மேலும் தாராளமாக, கழுவிய ஒவ்வொரு முறையும் பூசலாம்.

பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் கையுறை அவசியம். உள்ளே பருத்தி உறை இருந்தால் வியர்வையை உறிஞ்சும். காய்ந்த கையில் அணிந்து, உள்ளே நனைந்ததும் கழற்றிவிட வேண்டும். ஓட்டை விழுந்த கையுறை இல்லாததைவிடக் கேடு, சோப்பு நீரை உள்ளே வைத்து ஊறவைக்கும்.

உரிந்து தொங்கும் தோலை என்ன செய்வது? இழுத்தால், கழலத் தயாராகாத பகுதியும் சேர்ந்து பெயர்ந்து, உயிருள்ள தோல் வெளிப்பட்டு இரத்தம் கசியும். சுத்தமான சிறு கத்தரியால் தொங்கும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுக் களிம்பு பூசலாம். எதையாவது பிய்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த விரலில் சில நாள் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது நல்லது. வெடிப்புகளுக்கும் இதுவே: பெட்ரோலியம் ஜெல்லி, மேலே பிளாஸ்திரி.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வாரங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் மட்டும் விடாமல் உரிவது, நகம் உருமாறுவது, அரிப்பால் தூக்கம் கெடுவது ஆகியவை முன்கூட்டியே போவதற்கான காரணங்கள். சீழ், மஞ்சள் நிறப் பொருக்கு, பரவும் சிவப்பு, வலி, காய்ச்சல் இருந்தால் கிருமித் தொற்று சேர்ந்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். புதிதாக ஒரு மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் தோல் வலியோடு உரிந்து, வாயிலும் கண்ணிலும் புண் தோன்றினால் அது உயிருக்கே ஆபத்தான மருந்து எதிர்வினையாக இருக்கக்கூடும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது, இதுவரை பூசிய எல்லாவற்றின் குழாய்களையும் உறைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர் நினைவில்லாத 'அந்த வெள்ளைக் கிரீம்' அவருக்கு உதவாது. மோசமாக இருந்த நாளில் எடுத்த புகைப்படம் இருந்தால் காட்டுங்கள், ஏனெனில் சந்திக்கும் நாளில் கை தெளிந்திருப்பது வழக்கம். என்ன வேலை செய்கிறீர்கள், விடுமுறையில் குறைகிறதா என்று அவர் கேட்பார். பாதத்தையும் பார்க்க விரும்புவார். எக்ஸிமா என்று உறுதியானால் ஸ்டீராய்டு களிம்பை அவரே எழுதித் தருவார். உள்ளங்கைத் தோல் தடித்தது என்பதால் வீரியம் மிகுந்ததாகவே இருக்கும், எத்தனை நாள், எந்த இடம் என்ற வரம்போடு. கைக்குத் தந்ததை முகத்தில் பூசக் கூடாது.

சிகிச்சை பலித்து கை பார்ப்பதற்குத் தெளிந்துவிட்ட நிலையிலும் சுவர் உள்ளூர முழுமையடைந்திருக்காது. கை எக்ஸிமா மறைந்த பிறகும் தோலின் தாங்குதிறன் நான்கைந்து மாதங்கள் வரை குறைந்தே இருக்கும். பலர் தெளிந்த வாரத்திலேயே கையுறையை மூலையில் போட்டுவிட்டு, பழைய சோப்புக்குத் திரும்பி, அடுத்த மாதம் மீண்டும் உரிந்த கையோடு வந்து நிற்பது இதனால்தான். அந்த நான்கைந்து மாதங்களுக்கும் கையுறை, மென்மையான கழுவுபொருள், இரவுக் களிம்பு ஆகிய மூன்றும் தொடர வேண்டும். ஸ்டீராய்டை மட்டும் மருத்துவர் சொன்ன நாளில் நிறுத்திவிட வேண்டும்.